காற்றுக்குழாயில் இருந்த பச்சை இலை

விபத்து அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களை, மற்ற எல்லாக் கட்டங்களையும் விட அதுதான் அதிகம் படுத்தப்போகிறது. எந்த இயந்திரம் நின்றது, எப்போது நின்றது, யார் பணியில் இருந்தார்கள் என்பதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடலாம். காரணம் மட்டும் அன்றைக்கே தெரிய வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் எதிர்பார்ப்பார்கள். தெரியாத நாளிலும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடமுடியாது. அப்படி ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் ஒரு பூச்சியும் வருகிறது.

எதற்கும் தேதி போட்டு எழுதிவைக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஆனால் பரணில் இருந்த டைரிகளில் சில ஆண்டுகளைக் கறையான் முடித்துவிட்டது. ஆகவே எண்பதுகளின் தொடக்கம், பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். செவ்வாய் என்பதில் சந்தேகமில்லை. ஷிப்ட் மாறி அன்றுதான் எனக்குப் பகல் வேலை வந்திருந்தது.

நெய்வேலியில் நிலக்கரியை வெட்டுவதைவிடத் தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய பாடு. கரிப் படுகைக்கு அடியில் இருக்கும் நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். சுரங்கத்தைச் சுற்றிப் போட்டிருக்கும் பம்புகள் அதை ஓயாமல் இறைத்தால்தான் கீழே ஆட்கள் நிற்க முடியும். எனக்குப் பொறுப்பாக இருந்த பம்ப் ஹவுஸ், டவுன்ஷிப் ஓரத்தில், பூச்செடி வளர்க்கும் நர்சரியை ஒட்டி இருந்தது. மின்சாரம் போனால் ஓட்டுவதற்கு அங்கே ஒரு டீசல் ஜெனரேட்டர். வாரம் ஒருமுறை சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்போம். ஓடும். துடைத்து மூடிவைப்போம்.

அந்தச் செவ்வாய் மதியம் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டரைப் போட்டோம். நன்றாகத்தான் எடுத்தது. கொஞ்ச நேரத்தில் இருமியது, சத்தம் இறங்கியது, நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி நின்றது. கீழே சுரங்கத்தில் இருந்து போன் மேல் போன். தரையில் நீர் கசிகிறது, ஆட்களை மேலே ஏற்றுகிறோம் என்றார்கள். கரி வெட்டும் பெரிய இயந்திரத்தை மட்டும் அப்படிச் சட்டென்று நகர்த்த முடியாது. அது நிற்கும் தரை இளகினால் இயந்திரமே சரிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

என்னோடு இருந்த ஃபிட்டர் தனராஜ், கடலூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். நெருக்கடி முற்ற முற்ற வேடிக்கையாகப் பேசுவார். ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், சுத்தமாக இருந்தது. டேங்கில் டீசல் இருந்தது.

"எல்லாம் இருக்குது சார். உசுரு மட்டுந்தான் இல்ல" என்று சொல்லிக்கொண்டே டேங்க் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

விஷயம் எளிமையானது. டப்பாவில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாது. காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். அதற்காக டேங்குக்கு மேலே கொக்கி போல வளைந்த ஒரு சிறு குழாய் வைத்திருப்பார்கள். அது அடைத்துக்கொண்டிருந்தது. வாராந்திரச் சோதனை ஓட்டத்தில் இது தெரியாது. நீண்ட நேரம் ஓடினால்தான் காட்டிக்கொடுக்கும். மூடியைத் திறந்துவைத்து ஓட்டினோம். ஓடியது. அதற்குள் மின்சாரமும் வந்துவிட்டது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தரையும் தாங்கிவிட்டது.

பிறகுதான் தனராஜ் கம்பியை வளைத்துக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். விரல் தடிமனில் பச்சைச் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் இலை. வட்டமாகவும் நீள்வட்டமாகவும் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, இறுக்கமாகச் சுருட்டிய இலை. விளிம்பில் பிசிறே இல்லை. பின்னால் வந்த ஒன்றிரண்டு நசுங்கி, தனராஜின் விரலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியது.

"கத்திரிக்கோல் வேலை சார் இது" என்றார் தனராஜ். அப்போது அவர் முகத்தில் வேடிக்கை இல்லை.

பாதுகாப்பு அதிகாரி வந்து சேர்ந்தார். ராணுவத்தில் இருந்து வந்தவர், கோயம்புத்தூர்ப் பக்கம். கெட்ட மனிதர் அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை உங்களுக்கு எளிதாகிவிடும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டு மெயின் கேட்டில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த வாரம் அது. அவருக்குத் தூக்கம் இருந்திருக்காது. சுருளைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார்.

"பசை. பீடிக் கட்டுக்கு லேபிள் ஒட்டுவாங்களே, அந்தப் பசை. இங்க யாரு வூட்டுல பீடி சுத்தறாங்க?"

எல்லோரும் காசிலிங்கத்தைப் பார்த்தோம்.

காசிலிங்கம் பம்ப் ஹவுஸில் ஒப்பந்த உதவியாளர். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். குடும்ப நிலம் சுரங்கத்துக்குப் போயிருந்தது. அதற்குப் பதிலாக எப்போதாவது நிரந்தர வேலை வரும் என்று சில ஆண்டுகளாகக் காத்திருந்தவர். அவருடைய மனைவி அஞ்சலை வீட்டில் பீடி சுற்றுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். நாங்களே அவரிடம் பீடி வாங்கிப் பிடித்திருக்கிறோம். நேற்று வரை அது ஒரு சௌகரியம். அந்த நிமிடத்தில் அது சாட்சியமாகிவிட்டது.

"நான் ஏங்க செய்யப்போறன்?" என்றார் காசிலிங்கம். "நின்னா மொதல்ல என் சோறுதானங்க போவும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமை இல்லை. ஒப்பந்தத் தொழிலாளியை வேலையை விட்டு எடுக்கக் கடிதம்கூட வேண்டாம். கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

சுருள்களை எல்லாம் ஒரு அகலமான கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடி, அரக்கு சீல் வைத்தார் அதிகாரி. பிறகு என்னிடம் வந்தார்.

"டெக்னிகல் ரிப்போர்ட் நீங்கதான் எழுதணும். பெரிசா ஒண்ணும் வேண்டாம். 'வேண்டுமென்றே மனிதரால் அடைக்கப்பட்டது'. ஒரு வரி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒருவர் வந்து, களைத்த முகத்தோடு, ஒரே ஒரு வரிதான் கேட்பார். உங்களுக்கும் வீட்டுக்குப் போக வேண்டும் போல இருக்கும். அந்த வரி பொய் என்று உங்களுக்குத் தெரியாது. உண்மை என்றும் தெரியாது. எனக்கும் தெரியாது. எனக்கு ஒரு சிறு உறுத்தல் மட்டும்தான். பீடி இலை காய்ந்து தவிட்டு நிறத்தில் இருக்கும். இது பச்சை. குழாயை அடைக்க நினைப்பவன் ஒரு கந்தலைத் திணித்துவிட்டுப் போவான். மாமியார் வீட்டுச் சீர் போல இலையை வெட்டி அழகு பார்த்துச் சுருட்டிக்கொண்டிருக்க மாட்டான்.

காரணக் கட்டத்தில் "காற்றுக்குழாய் இலைத்துண்டுகளால் அடைந்திருந்தது. அவை எப்படி வந்தன என்று இன்னும் தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை மேலதிகாரி போனில் கூப்பிட்டார்.

"தெரியலைன்னு எழுதறதுக்கு உமக்கு எதுக்கய்யா சம்பளம்?"

"பாத்துச் சொல்றேன் சார்."

"எத்தன நாளு பாப்பீரு? வெளிய இருக்கறவன் கேக்கறான், உள்ள இருக்கறவன் கேக்கறான். நான் என்ன சொல்லட்டும், எங்க இன்ஜினியர் இலையப் பாத்துக்கிட்டு இருக்காருன்னா?"

அன்று மாலை அஞ்சலை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"அவரு இல வெட்டிச் சுருட்டனாருன்னு சொல்றாங்களாமே சார். வூட்டுல ஒரு நாளு கத்திரிக்கோலத் தொட்டிருப்பாரா? தொட்டிருந்தா நான் ஏங்க முதுவு ஒடிய குனிஞ்சிக்கினு கெடக்கறன்? நாலு இல வெட்டிக் குடுய்யான்னு கெஞ்சிப் பாத்துட்டன். கை வராதுன்டாரு. வூட்டுல வராத கை அங்க மட்டும் எப்பிடிங்க வந்துச்சி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"அடுத்த மாசம் பர்மனென்டுக்குக் கூப்புடுவாங்கன்னு சொல்லிக்கினு இருந்தாரு. கேட்டுக்குள்ளயே வுடலன்னா எப்பிடிங்க கூப்புடுவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மொத்த விவகாரமும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருந்தது. விசாரணை முடிவதற்குள் நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டால், அவர் குற்றமற்றவர் என்று தெரிந்தும் பயனில்லை.

எனக்குப் படிக்கும் கிறுக்கு உண்டு. டவுன்ஷிப் நூலகத்தில் யாரும் எடுக்காத புத்தகங்களை எடுப்பவன் நான். எப்போதோ படித்த ஒரு பூச்சிப் புத்தகத்தின் படம் ஒன்று மங்கலாக மனதில் இருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேராக நர்சரிக்குப் போனேன். ரோஜாச் செடிகளின் இலை ஓரங்களில், காசு வைத்து வெட்டியது போல அரைவட்டங்கள். ஒரு செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பழுப்பும் கறுப்புமாக ஒரு தேனீ வந்தது. இலை விளிம்பில் கால்களை அகட்டி உட்கார்ந்து, தன்னைச் சுற்றித் தானே வாயால் வெட்டிக்கொண்டு போயிற்று. துண்டு அறுபட்டதும், அதை வயிற்றுக்கு அடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பறந்துவிட்டது. இவ்வளவுக்கும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம்தான்.

தேனீ என்றால் நாம் கூட்டத்தைத்தான் நினைக்கிறோம். ராணி, வேலைக்காரர்கள், தேனடை. ஆனால் தேனீ இனங்களில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. ராணி கிடையாது, கூட்டாளி கிடையாது, ஷிப்ட் மாற்றிவிட ஆள் கிடையாது. இந்த இலைவெட்டித் தேனீயில் பெண் ஒருத்தியே எல்லாம் செய்கிறாள். ஒரு துளையைத் தேடிப் பிடிக்கிறாள். மூங்கில், சுவர் ஓட்டை, குழாய், எதுவானாலும் சரி. இலையை வெட்டி வந்து விரல்நுனி அளவில் ஒரு குப்பி செய்கிறாள். மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து அதில் வைக்கிறாள். அந்த மஞ்சள்தான் எங்கள் அதிகாரியின் பசை. அதன் மேல் ஒரே ஒரு முட்டை. வட்ட இலைகளால் வாயை மூடிவிட்டு அடுத்த குப்பி. குழாய் நிறைந்ததும் மொத்தமாக அடைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பிள்ளைகள் வெளியே வரும்போது பெரும்பாலும் அவள் உயிரோடு இருப்பதில்லை. யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவும் இல்லை, அவள் வேலையை யாரும் பார்க்கவும் இல்லை.

இதை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"டீசல் நாத்தத்துல எந்தப் பூச்சிங்க குடி வரும்?"

"குழாய் வாய்கிட்டதான் சார் கட்டியிருக்கு. அங்க வாடை கம்மி."

"நர்சரில இலை வெட்டியிருக்குன்னு சொல்றீங்க. அவனும் அங்கேயே வெட்டியிருக்கலாமே? பக்கத்துலதானே இருக்கு."

"ஒரு சுருளப் பிரிச்சுப் பாத்துருவோம் சார். உள்ள புழு இருக்கும்."

"சீல் வெச்சாச்சு. விசாரணைக் கமிட்டி முன்னாடிதான் திறக்கணும். இன்னைக்கு உங்களுக்காகத் திறந்தேன்னா, நாளைக்கு நானே உள்ள பூச்சிய விட்டேன்னு யூனியன்காரனும் சொல்லுவான், காண்ட்ராக்டரும் சொல்லுவான்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. இதுதான் வேலையில் களைப்பூட்டும் விஷயம். எதிரில் இருப்பவர் முட்டாளாக இருந்தால் கோபப்பட்டுத் தூங்கப் போய்விடலாம். அவரிடமும் நியாயம் இருந்தால் தூக்கம் வராது.

அவர் மேசை மேல் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். கண்ணாடியின் உட்புறம் வேர்த்திருந்தது. இப்படியே இருந்தால் பூஞ்சை பிடித்து உள்ளே இருப்பது எல்லாம் செத்துப்போகும். அப்புறம் கமிட்டி திறந்து பார்த்தாலும் அழுகிய இலைதான் இருக்கும்.

"சார், பூச்சிய விடுங்க. இலை அழுகிருச்சுன்னா உங்க எவிடன்ஸே இருக்காது. இரும்பு மூடிக்குப் பதிலா துணி கட்டுங்க. கயித்து முடிச்சு மேல உங்க அரக்கு சீலப் போடுங்க. யாரும் கை வைக்க முடியாது, காத்தும் போகும்."

பிறகு கமிட்டியில் இருந்த இன்னொருவரையும் வரவழைத்து, அவர் முன்னிலையில் மூடியை எடுத்து, மெல்லிய வெள்ளைத் துணி கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றினார். பாட்டில் அலமாரி மேல் போயிற்று.

அதன் பிறகு காத்திருத்தல்தான். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஆனால் என் பணிக்காலத்தில் என்னை அதிகம் தேய்த்தது அதுதான். ஏதாவது ஒரு காகிதத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போவேன். அலமாரி மேல் பார்ப்பேன். இலை பழுப்பாகிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. "உங்க பசங்க இன்னும் முழிக்கலையா?" என்பார் அதிகாரி. முதலில் கிண்டலாகக் கேட்டார். போகப் போக வெறும் கேள்வியாகக் கேட்டார். கம்பியில் நசுங்கியும், டீசல் பட்டும் எல்லாமே செத்திருக்கலாம் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. காசிலிங்கம் குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கக் கூலிக்குப் போகிறார் என்று தனராஜ் சொன்னார்.

"சார், அந்தாளு வந்து நம்மளத் திட்டிட்டுப் போயிருந்தாக்கூட நல்லா இருக்கும். வழியில பாத்தன், வணக்கம் வெக்கறாரு."

நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வு நடந்து முடிந்தது. காசிலிங்கத்தின் விஷயம் விசாரணையில் இருப்பதால் கூப்பிட இயலாது என்று பதில் வந்தது. மேலதிகாரியிடம் நேரில் போய்க் கேட்டேன். "நீர் காரணத்த எழுதியிருந்தா விசாரணை எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றார். ஒரு விதத்தில் அதுவும் சரிதான். எப்படி முடிந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

சித்திரை பிறந்த பிறகு ஒரு நாள் காலை அதிகாரி எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். அறையில் தனியாக இருந்தார். பாட்டிலை அலமாரியில் இருந்து இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்திருந்தார். மூன்று சுருள்களின் முனையில் வட்டமாகத் துளை. துணிக்கு அடியில் மூன்று தேனீக்கள் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. மற்றவை எல்லாம் அப்படியே கிடந்தன. அவை விழிக்கவே இல்லை.

அவர் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் சீல்தான். உடையல" என்றார். பிறகு, "நானே வெச்சது" என்றார்.

நினைத்திருந்தால் அவர் எனக்கு ஆள் அனுப்பாமல் அந்தப் பாட்டிலைக் குப்பையில் போட்டிருக்கலாம். அழுகிவிட்டது என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். கேட்க ஆள் இல்லை. அப்படிச் செய்யாமல் கமிட்டியைக் கூட்டி, எல்லோர் முன்னாலும் துணியைப் பிரித்தார். ஒரு தேனீ அவருடைய ஃபைல் மேல் உட்கார்ந்து இறக்கையைச் சரிசெய்துகொண்டு, ஜன்னல் வழியாகப் போயிற்று. "மனிதர் எவருக்கும் தொடர்பில்லை" என்று அவரே தன் கையால் எழுதினார். அந்த ஒரு காரியத்துக்காக அவரை நான் கடைசிவரை மதித்தேன்.

காரணக் கட்டத்தை நானும் திருத்தி எழுதினேன். காற்றுக்குழாய்கள் எல்லாவற்றுக்கும் கம்பி வலை போட்டோம். நீங்கள் இன்று அந்த வலையைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான்.

காசிலிங்கத்துக்கு கேட் பாஸ் திரும்பக் கிடைத்தது. போன நாட்களுக்குக் கூலி இல்லை, வேலை செய்யாத நாளுக்கு ஒப்பந்தத்தில் இடம் இல்லையாம். நிரந்தரம் அவருக்கு வந்தது, ஆனால் அதற்குப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் அவர் தலை நரைத்துவிட்டது.

'தெரியவில்லை' என்று எழுதியதால் ஒரு மனிதரைக் காப்பாற்றினேன் என்று நீங்கள் யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அந்தச் சொல் அவருக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக்கொடுத்தது. அவ்வளவுதான். ஆனால் அந்தச் செவ்வாய் மதியம் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தோமே, அதைத் திருத்தி எழுத எந்தக் கட்டமும் இல்லை.

அவர் அதே பம்ப் ஹவுஸில்தான் தொடர்ந்தார். நன்றாக வேலை செய்தார். எதையும் மனதில் வைத்துக்கொண்டவராகத் தெரியவில்லை. ஆனால் அங்கே எது நின்றாலும், ஒரு பெல்ட் அறுந்தாலும், ஃபியூஸ் போனாலும், யாரும் கூப்பிடாமலே என் முன்னால் வந்து நிற்பார். சட்டைப் பையையும் கால்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துவிட்டுக் காட்டுவார். பிறகுதான் ஸ்பேனரை எடுப்பார்.

"இதெல்லாம் எதுக்கு காசிலிங்கம்? யாரு உங்களக் கேட்டா?" என்று ஒருமுறை கத்தியேவிட்டேன்.

"யாரும் கேக்கலீங்க" என்றார், பைகளை உள்ளே தள்ளிக்கொண்டே. "கேக்கறதுக்குள்ள காட்டிட்டா, வேலைய சீக்கிரம் பாக்கலாம் இல்லீங்களா?"